ஒலிம்பிக்கை யாரும் ஏலம் விடவில்லை

"2036 ஒலிம்பிக்குக்கான ஏலத்தை இந்தியா சமர்ப்பித்தது." செய்திகளில் இந்த மாதிரி வரி அலுக்க அலுக்க வருகிறது. ஏலத்தை விடலாம், எடுக்கலாம், ரத்து செய்யலாம். சமர்ப்பிக்க எப்படி முடியும்? 2024 அக்டோபர் 1 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் அனுப்பியது ஒரு விருப்பக் கடிதம். ஆங்கில மூலத்தில் 'பிட்' (bid) என்று இருந்திருக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டது 'ஏலம்'. போட்டாயிற்று.

'பிட்' என்பது பழைய ஆங்கில வினைகள் இரண்டு ஒன்றாகக் கலந்த சொல். ஒன்றுக்குக் கேட்பது, மன்றாடுவது என்று பொருள். மற்றதற்கு முன்வைப்பது, ஆணையிடுவது என்று பொருள். முதலாவது நம் 'வேண்டுதல்' மாதிரியே, கோரிக்கைக்கும் ஆகும், சாமியிடம் கேட்பதற்கும் ஆகும். ஏலத்தில் விலை சொல்வது இரண்டாவதன் வழி வந்தது. 'ஏலம்' போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம். வந்தேறிச் சொல் என்பதால் அதை நான் எதிர்க்கவில்லை. நானூறு ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறது, நம் சொல்தான். பொருள் தப்பு என்பதே என் சண்டை.

அதுவும் ஒரு தப்பில்லை, இரண்டு. ஊராட்சியில் புளியமர மகசூலை ஏலம் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த நிகழ்ச்சிக்குப் பெயர்தான் ஏலம். கூடியிருப்பவர்கள் சொல்லும் தொகைக்குப் பெயர் கேள்வி. "அதிகக் கேள்வி யாருது?" என்பார்கள். ஆக, ஏலக்களத்தில்கூட 'பிட்' என்பது ஏலம் இல்லை, கேள்வி. இது முதல் தப்பு.

இரண்டாவது பெரிது. ஒலிம்பிக் நகரத்தை முடிவு செய்வது விலை அல்ல, வாக்கு. 2005-இல் சிங்கப்பூரில் 2012 போட்டிக்கு நடந்த தேர்வைப் பாருங்கள். முதல் சுற்றில் லண்டன் 22, பாரிஸ் 21, மாட்ரிட் 20, நியூயார்க் 19, மாஸ்கோ 15. குறைந்த வாக்கு வாங்கிய நகரம் ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறும். மாஸ்கோ போனது. இரண்டாம் சுற்றில் மாட்ரிட் 32 வாங்கி முதலிடம், லண்டன் 27. மூன்றாம் சுற்றில் அதே மாட்ரிட் 31 வாங்கி வெளியேறியது. கடைசியில் லண்டன் 54, பாரிஸ் 50. அதிகக் கேள்வி கேட்டு நின்றவரை அடுத்த தரத்திலேயே எழுப்பி அனுப்பும் ஏலம் எந்த ஊரில் நடக்கிறது?

பணம் போகும் திசையும் ஏலத்துக்கு நேர் எதிர். ஏலத்தில் எடுப்பவர் கொடுப்பார், விடுபவர் வாங்கிக்கொள்வார். இங்கே 2028-க்காக லாஸ் ஏஞ்சலஸுக்கு 180 கோடி டாலர் தருவதாக 2017 உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. நகரத்திடம் கமிட்டி கேட்பது உத்தரவாதங்களை: கோடைக்கால ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ 40,000 ஹோட்டல் அறைகள், வீரர் குடியிருப்பில் 16,000 படுக்கைகள், சுங்கம், விசா, பாதுகாப்புக்கு அரசின் எழுத்துப்பூர்வ உறுதி, நஷ்டம் வந்தால் ஏற்றுக்கொள்ள ஒருவர். கடைசியில் சொன்னதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2020 போட்டிக்கு ரோம் எல்லாம் தயாராக வைத்திருந்தது. ஆவணம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், 2012 பிப்ரவரி 14 அன்று, நிதி உத்தரவாதத்தில் கையெழுத்திட இத்தாலியப் பிரதமர் மான்டி மறுத்தார். ரோம் விலகியது. அவர் பயந்ததில் நியாயம் உண்டு. மான்ட்ரியல் 1976-இல் பட்ட கடனை 2006-இல்தான் அடைத்து முடித்தது.

"2010 காமன்வெல்த் விளையாட்டை டெல்லி பணம் கொடுத்து வாங்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. 2003-இல் ஜமைக்காவில் நடந்த தேர்வில், 72 உறுப்புச் சங்கங்களுக்கும் பயிற்சிக்காகத் தலா ஒரு லட்சம் டாலர் தருவதாக டெல்லி அறிவித்தது. கனடாவின் ஹாமில்டனை 46-22 என்று வென்றது. ஆனால் வாக்களிப்பவர் எல்லாருக்கும் இன்னது தருவேன் என்று முன்கூட்டிச் சொல்வதற்குத் தமிழ்நாட்டில் பெயர் தேட வேண்டியதில்லை. மிக்சி, கிரைண்டர் வாங்கியவர்கள் நாம். அது தேர்தல் வாக்குறுதி. 2002 குளிர்கால ஒலிம்பிக்கைப் பெற சால்ட் லேக் சிட்டி தரப்பு கமிட்டி உறுப்பினர்களுக்குப் பரிசுகளும் அவர்களின் உறவினர்களுக்குக் கல்வி உதவியும் கொடுத்தது 1998 கடைசியில் அம்பலமாகி, ஆறு உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்களே, அது ஓட்டுக்குப் பணம். நேர்மையாக நடந்தாலும் கோணலாக நடந்தாலும் இந்த விவகாரத்துக்குப் பொருந்துவது தேர்தல் சொற்களே.

2019-க்குப் பிறகு முறையும் மாறிவிட்டது. இப்போது கமிட்டியின் ஆணையம் விருப்பமுள்ள நகரங்களோடு தொடர்ந்து பேசுகிறது, ஒன்றைத் தேர்ந்து நெருக்கமாகப் பேசுகிறது, அதை மட்டும் வாக்குக்கு வைக்கிறது. 2032-க்கு பிரிஸ்பேன் அப்படித்தான் வந்தது. நம் ஊர்ப் பேச்சில் அன்னபோஸ்ட், அதாவது போட்டியில்லாத் தேர்வு. ஆனாலும் 2021-இல் டோக்கியோவில் வாக்கெடுத்தார்கள். ஆதரவு 72, எதிர்ப்பு 5. கேட்க ஒரே ஆள் நின்றால் ஊராட்சியில் ஏலத்தைத் தள்ளி வைப்பார்கள்.

சரி, வேறென்ன சொல்வது? 'முயற்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் தொளதொள. அமைச்சர் மேடையில் சொன்னதும் முயற்சி, ஆயிரம் பக்க ஆவணம் கொடுத்ததும் முயற்சி. 'ஒப்பந்தப்புள்ளி' பாலம் கட்டுவதற்கு. இலங்கைக் கொள்முதல் விளம்பரங்களில் வரும் 'விலைமனு'வில் விலை முன்னால் வந்து நிற்கிறது. 2018 காமன்வெல்த்துக்கு இலங்கையின் ஹம்பாந்தோட்டை ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிடம் 43-27 என்று தோற்றது வாக்கில். 'ஒலிம்பிக் வேண்டல்' என்று தூய தமிழ் அன்பர் யாரும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: மொட்டை போடப் போகிற மாதிரி இருக்கிறது.

என் தேர்வு 'நடத்துரிமை கோரல்'. 'உரிமை கோரல்' என்று சுருக்கக் கூடாது. குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்பவர்களும் உரிமை கோருகிறார்கள், வங்கியில் உரிமை கோரப்படாத பணமும் இருக்கிறது. கோரும் நகரம் 'வேட்பாளர் நகரம்'. அது கொடுக்கும் தடித்த ஆவணம் 'வேட்பு ஆவணம்'. வேட்பு என்றால் விருப்பம். வேட்புமனு தாக்கல் என்றால் தெரியாதவர் தமிழ்நாட்டில் யார்? ஐபிஎல்லில் வீரர்களை எடுப்பது நிஜமான ஏலம்; அதை அப்படியே விட்டுவிடலாம்.

பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவையில்லை என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு உறைப்பதில்லை. "2030 காமன்வெல்த் விளையாட்டுக்கான ஏலத்தில் அகமதாபாத் வென்றது" என்பதைவிட, "2030 காமன்வெல்த் விளையாட்டை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்தது" என்பது எவ்வளவு இயல்பு! ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 'ஹோஸ்ட்' என்றதும் தொலைக்காட்சி நினைவுக்கு வந்து, போட்டியை "அகமதாபாத் தொகுத்து வழங்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். 'நடத்தும்' போதும். மைக்கைப் பிடித்து "அடுத்து வரப்போகிறவர்…" என்று சொல்லப்போவது நகரம் அல்ல.