பிளேடா, இறக்கையா?

பிளேடு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது முகச்சவரம். அடுத்து, விடாமல் பேசி அறுக்கிற ஆள். காற்றாலையில் 40, 50 மீட்டர் நீண்டு சுற்றுவதற்கும் அதே பெயர்தான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இலை என்று பொருள். கத்தி, துடுப்பு என்று பிறகு பரவியது. ஜெர்மானியர் இன்றும் இலையை 'பிளாட்' என்பார்கள். காற்றாலையில் இருப்பது அவர்களுக்கு 'ரோட்டர்பிளாட்'. காற்றாலைத் தொழிலில் மூத்த நாடான டென்மார்க்கில் அது 'விங்கே', அதாவது இறக்கை.

தமிழில் என்ன சொல்லலாம்? அகராதி 'அலகு' என்கிறது. வாளுக்கும் அலகு உண்டு. ஆனால் மின்சார யூனிட்டையும் அலகு என்றே எழுதுகிறோம். 'மூன்று அலகு சுற்றி இத்தனை அலகு மின்சாரம்' என்றால் யாருக்குப் புரியும்? 'தகடு' இன்னும் மோசம், பொருளே தப்பு. காற்றாலை பிளேடைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் அது உள்ளே கூடாக, விமான இறக்கையின் வடிவில் இருக்கும். காற்று அதைத் தள்ளிச் சுற்றுவதில்லை. விமானத்தைத் தூக்குகிற அதே ஏற்றுவிசைதான் அதைச் சுழற்றுகிறது. ஆகவே, இதை ஏற்றிப்போன லாரி சாலை வளைவில் சிக்கிய செய்தியில் நிருபர் எழுதும் 'காற்றாலை இறக்கை'யே சரியான கலைச்சொல்.

அப்புறம், 'மறுசுழற்சி'. கழற்றிய இறக்கையை என்ன செய்தாலும் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். கோபுரத்து இரும்பை உருக்கினால், அது மறுசுழற்சி. இறக்கையோ கண்ணாடி இழையும் எப்பாக்சி பிசினும் சேர்ந்தது, நடுவில் பல இடங்களில் பால்சா மரம். இறுகிய பிசின் திரும்ப உருகாது. அதனால்தான் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரக் குப்பைக்கிடங்கில் இறக்கைகளைத் துண்டுபோட்டுப் புதைத்தார்கள். உருக்காமல், அரைக்காமல், அதன் வலுவை அப்படியே வேறு வேலைக்குக் கொண்டுபோவது 'மறுபயன்பாடு'. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் இதைச் செய்து காட்டினார்கள். மிடில்டன்–யோல் நடைபாதையில் அமைத்த சிறு பாலத்தில், எஃகு உத்தரங்கள் இருக்கவேண்டிய இருபக்கமும் பழைய இறக்கைகள்.

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் 1990-களில் நட்ட சின்னக் காற்றாடிகளை மாற்றுவதற்குத் தமிழக அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. கழற்றிய இறக்கைகளைப் பற்றி இனி நாமும் எழுதவேண்டியிருக்கும். எது மறுசுழற்சி, எது மறுபயன்பாடு என்று பிரித்தே எழுதலாம்.