இலை பச்சையாக இருந்தால் போதாது, அடியைக் குனிந்து பாருங்கள்

போன வருஷம் ஆடி மாதம், அண்ணா நகரில் ஒரு வீட்டு வாசல் மே ஃபிளவர் மரத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "இலையெல்லாம் பச்சைப் பசேல்னுதான் சார் இருக்கு. அடியில காளான் வருது, சுரண்டிப் போட்டாலும் திரும்ப முளைக்குது" என்றார் வீட்டுக்கார அம்மா.

உள்ளங்கை அகலத்தில், வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் அரக்கு நிறக் காளான். விளிம்பு மட்டும் வெள்ளை. மரத்தை உள்ளிருந்து அழுக வைக்கும் கேனோடெர்மா என்ற பூஞ்சை. மரச் சுத்தியலால் தட்டினேன். ஒரு பக்கம் கெட்டிச் சத்தம், மறுபக்கம் காலி டப்பா. அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கியது.

காளான் நோயின் தொடக்கம் இல்லை. பூஞ்சை வேரையும் அடிமரத்தையும் உள்ளே வெகுநாள் அரித்தபிறகு, வித்து பரப்பத்தான் வெளியே தலைகாட்டுகிறது. சுரண்டினால் அடையாளம்தான் போகும். தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில் என்பதால், நடுமரம் அழுகினாலும் இலை வாடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. மறுநாள், பச்சைத் தழையோடு சாய்ந்து கிடந்த எத்தனையோ மரங்களின் வேரைப் பிய்த்துப் பார்த்தேன். பஞ்சுபோல் வந்தது.

பூஞ்சை நுழைவது காயத்தின் வழியே. கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டும்போது அறுபடும் வேர், அரிவாளால் கண்டபடி வெட்டிய கிளை. எனக்குத் தாங்காதது, அடிமரத்தை நெரிக்கும் சிமென்ட். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்குச் சொன்னது. நம் தெருவில் இன்னமும் பூசுகிறோம்.

இதே கேனோடெர்மா தாக்கினால், தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு கசியும், அடிமட்டைகள் தொங்கும். 1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியதால் இதற்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், தொழுவுரத்தில் கலந்த 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) வையுங்கள்.

வேம்பின் நுனிக்கிளைகள் மழைக்காலத்தில் கருகுவது வேறு பூஞ்சை. பெரும்பாலும் வெயில் காலத்தில் துளிர்த்துவிடும். பட்டுப்போனது என்று தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

அந்த மே ஃபிளவரைக் காப்பாற்ற முடியவில்லை. அனுமதி வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்பே கிளை கிளையாக இறக்கினோம். பூஞ்சை பக்கத்து மரத்துக்குத் தொற்றாமல் இருக்க அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்தோம். அந்த அம்மா பத்தடி தள்ளி, சிமென்டை உடைத்து, ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறார்.