கோழி இறகு கொட்டினால் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள்

போன வாரமும் ஒரு கோழியைச் செத்த பிறகுதான் கால்நடை வைத்தியம் பார்க்கிற என்னிடம் கொண்டுவந்தார்கள். திருமங்கலம் பக்கம். வால்மேட்டில் இறகு இல்லை, "பேன் பத்திருச்சு சார்" என்று பருத்திக்கு வாங்கிவைத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து முக்கி எடுத்திருக்கிறார்கள். வாயில் எச்சில் ஒழுகி, கழுத்துத் தொங்கி, சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. இறகை விலக்கிப் பார்த்தேன். ஒரு பேன்முட்டைகூட (ஈர்) இல்லை. இருந்ததெல்லாம் கொத்துப்பட்ட காயம்.

இறகு கொட்டினாலே பேன் என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கும்போது வளர்ந்த கோழி பழைய இறகை உதிர்க்கும். தலை, கழுத்தில் தொடங்கிப் பின்னால் போகும். தோலில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைத்து நிற்கும், முட்டை நின்றுபோகும். அது நோயே இல்லை. அடைக்கோழி தன் வயிற்று இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். முதுகு மட்டும் வழித்தாற்போல் இருந்தால் சேவல் மிதித்தது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பேன் இருந்தால் கண்ணுக்கே தெரியும். ஆசனவாய்க்குக் கீழே இறகை விலக்குங்கள்: இறகின் காம்படியில் ஈர் வெள்ளையாக அப்பியிருக்கும், வைக்கோல் நிறத்தில் பேன் ஓடும். இதைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

வால்மேடு மொட்டையாகி ரத்தம் தெரிந்தால், அது கூண்டில் இருக்கிற மற்றக் கோழிகள் கொத்துகிற வேலை. மதுரைக்குள் இப்போது மொட்டைமாடியில், தகரத்துக்குக் கீழே, கம்பிவலைக் கூண்டில் வளர்க்கிறார்கள். சித்திரை வெயில், நெரிசல், கிளற மண் கிடையாது, மூன்று வேளையும் அரிசி. இறகு முக்கால்வாசிக்கு மேல் புரதம். வெறும் அரிசியில் அது எங்கிருந்து வரும்? தெருவில் மேய்கிற கோழி கரையானும் புழுவும் தின்று சரிக்கட்டிக்கொள்ளும். கூண்டுக்கோழி பக்கத்துக் கோழியின் இறகைத் தின்கிறது. ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், குடலை வெளியே இழுக்கும்வரை விடாது.

காயம்பட்டதை உடனே பிரித்துப் பஞ்சாரத்தால் மூடிவையுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுங்கள். கொத்துகிறது எது என்று கவனித்து அதையும் நாலு நாள் தனியே அடையுங்கள். அலகைச் சுடுகிற கொடுமை வேண்டாம். கோழி ஒன்றுக்கு 4 சதுர அடியாவது இடம் விடுங்கள். பழைய டயரில் மணலும் சாம்பலும் போட்டால் புரண்டு குளிக்கும். கீரைக்கட்டைக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் கொத்துகிற புத்தி அதில் போகும். முட்டைக்கோழித் தீவனம் வாங்கிப் போடுங்கள். கடலைப்புண்ணாக்கு சேர்த்தால் பூசணம் பிடித்ததைச் சேர்க்காதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

பேனே இருந்தாலும் கோழிக்கென்று தனி மருந்து இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வயல் மருந்து மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கோழியின் முட்டையைத்தானே பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறீர்கள்? ஏற்கெனவே தடவியிருந்தால் கையுறை மாட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடிவாருங்கள். டப்பாவில் பேரைப் பார்த்தால்தான் எந்த முறிமருந்து என்று முடிவுசெய்ய முடியும். நாங்கள் சொல்லும்வரை முட்டையையும் கறியையும் தொடாதீர்கள்.