டிஸ்ட்ராக்‌ஷன்: கவனச்சிதறலா, பராக்கா?

விமானப் பாதுகாப்புப் பாடங்களைத் தமிழில் எழுதும்போது 'டிஸ்ட்ராக்‌ஷன்' வந்தால், கை தானாகக் 'கவனச்சிதறல்' என்று எழுதிவிடுகிறது. பழகிய சொல், பிழையும் இல்லை. ஆனால் பெரிய பராமரிப்பு முடிந்த விமானத்தைச் சரிபார்க்க மேலே கொண்டுபோகும் விமானிகளைப் பற்றிப் பேசும்போது அது பாதியைத்தான் சொல்கிறது.

லத்தீனில் 'டிஸ்' என்றால் பிரித்து, விலக்கி. 'டிராஹெரே' என்றால் இழுத்தல். வயலில் ஓடும் டிராக்டரும் இதே வேரில் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் சித்தம் கலங்கிப்போவதற்கும் இந்தச் சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள். எப்படியானாலும் மூலச்சொல்லுக்குள் இழுக்கிற கை ஒன்று இருக்கிறது. 'கவனச்சிதறலில்' அந்தக் கை இல்லை. சிதறியது விமானியின் கவனம், ஆகவே பழியும் அவர் தலையில். இழுத்தது எது என்று கேட்க வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இழுக்கிற பொருளுக்கு நம் வீட்டிலேயே சொல் உண்டு: பராக்கு. சோறூட்டும்போது காக்கையைக் காட்டினால் அது பராக்குக் காட்டுவது. வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் பராக்குப் பார்ப்பது. 'அப்பால் திரும்பிய' என்று பொருள்படும் வடமொழிப் 'பராக்' இதன் மூலம் என்பர். வேடிக்கை என்னவென்றால், அரசர் வரும்போது கட்டியக்காரர் கூவும் 'பராக்! பராக்!' என்பதற்கு 'கவனம்!' என்று பொருள். ஒரே ஒலி, நேர் எதிரான இரண்டு வேலைகள். சரிபார்ப்புப் பறப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஏனென்றால் அங்கே 'இதைக் கவனி' என்று சோதனைப் பட்டியல் காட்டும் பொருளே மற்றவற்றிலிருந்து கண்ணைத் திருப்பிவிடுகிறது.

பறப்பின் பெயரையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ளலாம். புதுத் தேருக்கும் கப்பலுக்கும் 'வெள்ளோட்டம்' பொருந்தும். இது அது அல்ல. ஏற்கெனவே பயணிகளோடு பறந்த விமானம், பராமரிப்புக்குப் பிறகோ, குத்தகை முடிந்து கைமாறும்போதோ, தரையில் சோதிக்க முடியாத சிலவற்றைக் காற்றில் சோதிப்பது. 'பராமரிப்புச் சரிபார்ப்புப் பறப்பு' என்பதே சரி. நீளம்தான், ஆனாலும் 'சோதனைப் பறப்பு' என்று சுருக்கினால் சோதனை விமானிகள் ஓட்டுகிறார்கள் என்ற மயக்கம் வரும். பல சமயம் ஓட்டுபவர்கள் அன்றாடம் பயணிகளை ஏற்றிச்செல்லும் விமானிகளே.

2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்பினியானிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320 இதற்குக் கசப்பான எடுத்துக்காட்டு. எக்ஸ்எல் ஏர்வேஸ் ஜெர்மனி குத்தகையில் வைத்திருந்த அந்த விமானம் ஏர் நியூசிலாந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. விமானத்தில் ஏழு பேர். ஓட்டும் இருவருக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் நியூசிலாந்து விமானி ஒருவர். பொதுப் போக்குவரத்துக்கு நடுவே சோதனைகள் செய்ய இயலாது என்று போர்டோ வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு சொல்லிவிட்டது. திட்டம் அங்கேயே சிதைந்தது. சில சோதனைகள் கைவிடப்பட்டன, சில போகிற போக்கில் நடந்தன. 14,000 அடியில் செய்ய வேண்டிய குறைவேகச் சோதனை, இறங்கும் வழியில் சுமார் 3,000 அடிக்கு வந்து சேர்ந்தது.

அந்த உயரத்தில் விமானியறையில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். ரேடியோவில் கட்டுப்பாட்டாளர். சக்கரம், இறக்கை மடல்கள், தரையிறங்கும் ஏற்பாடுகள். பின்னிருக்கையிலிருந்து அடுத்த சோதனை பற்றிய பேச்சு. இவை போக, வேகம் குறையக் குறையப் பாதுகாப்பு அமைப்பு எப்போது தலையிடும் என்ற காத்திருப்பு. அது தலையிடவே இல்லை. மூன்று நாள் முன்பு விமானத்தைக் கழுவியபோது தாக்குகோண உணரிகளை (எதிர்க்காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளப்பவை) மூடாமல் நீர் பாய்ச்சியிருந்தார்கள். உள்ளே தங்கிய நீர் உயரத்தில் உறைந்து இரண்டு உணரிகளை ஏறக்குறைய ஒரே கோணத்தில் பூட்டிவிட்டது. மூன்றாவது சரியாக இருந்தும், இரண்டுக்கு ஒன்று என்று கணினி அதை ஒதுக்கியது. 99 நாட் வேகத்தில் ஸ்டால் எச்சரிக்கை, அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழக்கப்போகின்றன என்ற எச்சரிக்கை, ஒலித்தது. அதற்குள் வால்பக்கக் கிடைத்தளம் மூக்கை உயர்த்தும் திசையில் முழுதாகத் திரும்பி நின்றுவிட்டது. இயந்திரங்களுக்கு முழு விசை கொடுத்ததும் மூக்கு இன்னும் எழுந்தது. அந்தத் தளத்தைத் தானாகத் திருப்பும் டிரிம் விலகிவிட்டது, டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லும் செய்தி திரையில் வந்தது. யாரும் சுற்றவில்லை. விமானம் கடலில் விழுந்து ஏழு பேரும் இறந்தனர்.

இதைக் 'கவனச்சிதறல்' என்று எழுதிப் பாருங்கள், ஒட்டாது. யாரும் வேலையைவிட்டு வேறெங்கும் பார்க்கவில்லை. பராக்கு வேலைக்குள்ளேயே இருந்தது.

10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சு கூடாது என்று அமெரிக்கா 1981இல் கொண்டுவந்த விதிக்கு 'ஸ்டெரைல் காக்பிட்' என்று பெயர். இதை 'மலட்டு விமானியறை' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் மிஞ்சும். 'பேச்சடக்கம்' என்றால் போதும். ஆனால் சரிபார்ப்புப் பறப்பில் அந்த விதியாலும் பெரிய பயன் இல்லை, அங்கே பேசுவது எல்லாமே தேவையான பேச்சு.

பராக்கின் கூட்டாளி 'ஒர்க்லோட்'. வேலைப்பளு என்றால் அலுவலகத்தில் குவிந்த கோப்புகள் நினைவுக்கு வரும். விமானத்தில் அது அளவைக் குறிப்பதில்லை, அந்த நொடியில் தேவைப்படும் கவனத்துக்கும் கைவசமுள்ள கவனத்துக்கும் உள்ள உறவைக் குறிக்கிறது. 'பணிப்பளு' என்று வைத்து, பாக்கி நிற்பதை 'மிச்சக் கவனம்' என்று சொல்லலாம். ஒரே சோதனைக்கு 14,000 அடியில் மிச்சம் உண்டு, 3,000 அடியில் இல்லை. 2009 ஜனவரி 12 அன்று இங்கிலாந்தின் நார்விச்சுக்கு மேற்கே ஒரு போயிங் 737 மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதி மடலான எலிவேட்டரை ஹைட்ராலிக் உதவியின்றிச் சோதித்தபோது மூக்குக் குப்புறச் சரிந்தது. எலிவேட்டரின் ஓரத்திலுள்ள சிறு மடலைத் தவறான திசையில் சரிசெய்திருந்தது காரணம். 15,000 அடியில் தொடங்கிய சோதனை, சுமார் 5,600 அடியில்தான் மீண்டது. பட்டியலில் போட்டிருக்கும் உயரம் வெறும் எண் அல்ல, பிழைத்திருத்தத்துக்கு ஒதுக்கிய நேரம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இப்பறப்புகளை 'ஏ', 'பி' என இரு நிலைகளாகப் பிரித்தது. வழக்கமல்லாத அல்லது அவசரகால நடைமுறைகள் தேவைப்படும் 'ஏ' நிலைக்குத் தனிப்பயிற்சி பெற்ற விமானிகள் வேண்டும். உதவிக்கு விமானியறையில் இன்னொரு விமானியோ பணி வல்லுநரோ இருக்க வேண்டும். வேண்டாமென்றால் பணிப்பளுவைக் கணக்கில் எடுத்துக் காரணம் காட்ட வேண்டும்.

அந்த மூன்றாமவரின் வேலை பட்டியலை வாசிப்பது. ஒவ்வொரு சோதனைக்கும் குறைந்தபட்ச உயரம், தொடங்கும் வேகம், எதிர்பார்க்கும் அளவு, எங்கே நிறுத்துவது என்ற எல்லை ஆகியவற்றை இயந்திரம் கிளப்பும் முன்பே பொறியாளரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். பாதியில் ரேடியோ அழைத்தால் விட்ட வரியிலிருந்து தொடர்வதில்லை, அந்தச் சோதனையை முதல் வரியிலிருந்து எடுப்பார்கள். வானவெளி கிடைக்கவில்லை என்றால் சோதனையைக் கீழே இறக்கிக்கொள்வதில்லை. அந்த வரிக்கு எதிரே 'செய்யவில்லை' என்று எழுதிவிட்டு இறங்குவார்கள்.