பர்சன்டேஜ் ஏறுனா கல்லு கிட்ட வருதுன்னு அர்த்தமா?

2025 பிப்ரவரில வாட்ஸ்அப்பத் தொறந்தாலே அந்த ஃபார்வர்டுதான். 2032 டிசம்பர் 22 அன்னிக்கு பூமி மேல ஒரு கல்லு விழப்போகுதாம், சான்ஸ் 1 பர்சன்ட்டுன்னு ஒருநாள் வருது, கொஞ்ச நாள் கழிச்சு 2ங்கிறாங்க, பிப்ரவரி 18 அன்னிக்கு 3.1னு நாசாவே சொல்லிருச்சு, விழக்கூடிய பட்டைல தெற்கு ஆசியாவும் இருக்குன்னு சிவப்புக் கோடு போட்ட மேப் வேற. காசிமேட்டுல விசைப்படகுல தொழிலுக்குப் போற அண்ணன் ஒருத்தர் டீக்கடைல நேராவே கேட்டாரு: "இன்னாப்பா, பர்சன்டேஜ் ஏறிக்கினே போவுதே, கல்லு கிட்ட வந்துக்கினு கீதுன்னுதான அர்த்தம்?"

இல்லண்ணா. அந்த டைம்ல அது நம்மள விட்டு விலகிப் போய்க்கிட்டு இருந்துச்சு.

அந்தக் கல்லோட பேரு 2024 ஒய்ஆர்4, சூரியனைச் சுத்துற சிறுகோள் வகை. சுமார் 60 மீட்டர் சைஸு. 2024 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பூமிலருந்து 8 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல சத்தமில்லாம கடந்து போச்சு, சிலில இருக்குற அட்லஸ் டெலஸ்கோப் அதைப் பாத்தது 27-ம் தேதி, அதாவது கடந்துபோய் ரெண்டு நாள் கழிச்சு. அதுக்கப்புறம் பர்சன்டேஜ் ஏறுன ஒவ்வொரு நாளும் கல்லு தூரமாத்தான் போச்சு. ஏறுனது ஆபத்து இல்ல, கணக்கோட துல்லியம்.

இது புரியணும்னா புயல் மேப்ப நெனச்சுக்கோங்க, வட சென்னைக்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்ல. வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் உருவான முதல் நாள், புயல் போகக்கூடிய இடத்தக் காட்டுற அந்தக் கூம்பு நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு ஆந்திரா வரைக்கும் விரிஞ்சு கெடக்கும், எண்ணூர் அதுல ஒரு சின்னப் புள்ளி. மறுநாள் கூம்பு சுருங்குது, எண்ணூர் இன்னும் உள்ளதான் இருக்கு, அப்போ சின்னக் கூம்புல எண்ணூரோட பங்கு பெருசாயிடுது. புயல் கெழக்கால போகுதா மேக்கால போகுதாங்கிறது வேற விஷயம், பங்கு ஏறிரும். மூணாவது நாள் கூம்பு நெல்லூர் பக்கம் ஒதுங்கிச்சுன்னா எண்ணூரோட சான்ஸ் ஒரே அடியா பூஜ்யம். கல்லுக்கும் அதே கதைதான். கொஞ்ச நாள் மட்டும் பாத்து ஏழெட்டு வருஷம் கழிச்சு எங்க இருக்கும்னு கணக்கு போட்டா, ஒரு இடம் கிடைக்காது, லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஒல்லிப் பட்டை கிடைக்கும். பூமியோட குறுக்களவு 12,700 கிலோமீட்டர். சும்மா ஒரு கணக்குக்கு, பட்டை 12.7 லட்சம் கிலோமீட்டர் நீளம்னா பூமியோட பங்கு 1 பர்சன்ட், பட்டை 4 லட்சமா சுருங்குனா 3 பர்சன்ட். ஒய்ஆர்4 விஷயத்துல இதுதான் நடந்துச்சு. 3.1ஐத் தொட்ட ஒரே வாரத்துல பட்டை பூமியை விட்டு விலகி, சான்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துருச்சு. அந்த மேட்டர ஃபார்வர்டு பண்ண ஒருத்தருக்கும் கை வரல.

துறைமுகத்துல கூண்டு ஏத்துற மாதிரி இதுக்கும் நம்பர் இருக்கு, டொரினோ ஸ்கேல்னு பேரு, 0-லருந்து 10 வரைக்கும். ஒய்ஆர்4 எட்டுனது 3. இதுவரைக்கும் 4-ஐத் தொட்டது ஒரே ஒரு கல்லுதான், அப்போஃபிஸ், 2004 டிசம்பர்ல. அப்போ அதோட சான்ஸ் 2.7 பர்சன்ட்டுன்னு சொன்னாங்க, ஆனா சைஸு 300 மீட்டருக்கு மேலங்கிறதால கூண்டு நம்பர் ஒண்ணு கூட. 2021-ல ரேடார்ல பாத்து அடுத்த 100 வருஷத்துக்கு அது மோதாதுன்னு உறுதி பண்ணிட்டாங்க. மோதாது, ஆனா செமையா உரசிட்டுப் போகும். நம்ம டைம்படி 2029 ஏப்ரல் 14 விடியக்காலைல, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு, தரைலருந்து சுமார் 32,000 கிலோமீட்டர்ல கடக்கும், டிவி சாட்டிலைட்டெல்லாம் சுத்துறது 36,000-ல, அதுக்கும் உள்ள வந்துட்டுப் போகுது.

இங்க ஒரு குட்டி பெருமை. புயல் அறிவிப்பு குடுக்குற நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ் இருக்கே, அந்த வளாகத்துலதான் பழைய மெட்ராஸ் அப்சர்வேட்டரி இருந்துச்சு. 1861-ல அங்கிருந்து என்.ஆர். போக்சன்ங்கிற வானியலாளர் ஒரு சிறுகோளக் கண்டுபிடிச்சு அதுக்கு ஆசியான்னே பேர் வச்சாரு. நம்ம ஏரியா இல்லதான், ஆனா மெட்ராஸ்ல கூண்டுக்காரங்களும் கல்லுக்காரங்களும் ஒரே காம்பவுண்டுல இருந்துருக்காங்க.

பேப்பர்ல "ஆபத்தான சிறுகோள்"னு போட்டா பயப்படாதீங்க, அது ஒரு லிஸ்ட்டோட பேரு, அவ்ளோதான். சுமார் 140 மீட்டருக்கு மேல சைஸு, அதோட பாதை பூமியோட பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள்ள வரணும், இந்த ரெண்டும் இருந்தா லிஸ்ட்ல சேத்துருவாங்க. ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. எனக்கு பயம்னா லிஸ்ட்ல இருக்குறதுங்க மேல இல்ல, லிஸ்ட்டுக்கே வராத சின்னதுங்க மேலதான். 2013 பிப்ரவரி 15 காலைல ரஷ்யாவோட செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேல வெடிச்ச கல்லு வெறும் 20 மீட்டர், சூரியன் இருக்குற திசைலருந்து வந்ததால ஒரு டெலஸ்கோப்பும் பாக்கல. சுமார் 30 கிலோமீட்டர் ஒசரத்துல வெடிச்சுது, வெளிச்சம் பளிச்சுனு அடிச்சதும் ஜனங்க என்னான்னு பாக்க ஜன்னல்கிட்ட ஓடுனாங்க, வெளிச்சத்துக்குப் பின்னாடி ஒரு நிமிஷத்துக்கு மேல கழிச்சுதான் அதிர்வலை வந்துச்சு, கண்ணாடி மொத்தமும் மொகத்துல. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடியாலதான். அதனால என்னைக்காவது வானத்துல அப்படி ஒரு வெளிச்சத்தப் பாத்தா செல்போன எடுத்துக்கிட்டு ஜன்னலுக்குப் போகாதீங்க, செவுத்தோரமா உக்காருங்க.

சரி, நெஜமாவே ஒண்ணு வருதுன்னு வைங்க, என்ன பண்றது? ஒடைக்கிறத விட ஈஸியான வழி ஒண்ணு இருக்கு, லேட்டாக்கிட்டா போதும். பூமி சூரியனைச் சுத்துற வேகம் செகண்டுக்கு 30 கிலோமீட்டர், தன்னோட குறுக்களவைத் தானே தாண்டிப் போக அதுக்கு ஆகுறது வெறும் 7 நிமிஷம். நடு மையத்துக்கே குறி வச்சு வர்ற கல்லக்கூட 7 நிமிஷம் தாமதப்படுத்துனா அது வந்து சேரும்போது பூமி அங்க இருக்காது. செகண்டுக்கு 1 சென்டிமீட்டர் வேகத்த மாத்துனாக்கூட 10 வருஷத்துல அது 3,000 கிலோமீட்டருக்கு மேல வித்தியாசமா வளரும், சுத்துப்பாதைல அது இன்னும் பெருகும். ஆனா 10 நாள்தான் இருக்குன்னா அதே தள்ளு 9 கிலோமீட்டர் கூட நகத்தாது. எல்லாம் டைம்லதான் இருக்கு.

இந்தத் தள்ளத்தான் நாசா 2022 செப்டம்பர் 26 அன்னிக்கு டெஸ்ட் பண்ணுச்சு. டார்ட்ங்கிற அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல எடை இருந்த விண்கலத்த, செகண்டுக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல டைமார்ஃபாஸ்ங்கிற சுமார் 160 மீட்டர் கல்லு மேல கொண்டுபோய் மோதுனாங்க. அது டிடிமாஸ்ங்கிற பெரிய கல்ல சுத்திவர்ற குட்டிக் கல்லு, ஒரு சுத்துக்கு 11 மணி 55 நிமிஷம் ஆகிட்டு இருந்துச்சு. மோதுன பிறகு அரை மணி நேரத்துக்கு மேல கொறஞ்சிருச்சு. சுவாரஸ்யம் எங்கன்னா, விண்கலம் குடுத்த தள்ளு கம்மிதான், மோதுனதுல அந்தக் கல்லுலருந்து ஜல்லியும் தூளும் பின்னாடி பீச்சி அடிச்சுதே, அந்த எதிர்த்தள்ளு அதுக்கு மேல. மொத்தத்துல வெறும் மோதலால வர வேண்டியதப் போல சுமார் மூணரை மடங்கு. ஆனா எல்லாக் கல்லும் இப்படித் தூள் கக்காது, உள்ள கெட்டியா இருக்கா பொலபொலன்னு இருக்கான்னு தெரியணும், அதைப் பாக்கத்தான் 2024 அக்டோபர்ல ஹேரான்னு ஒரு விண்கலத்த ஐரோப்பாக்காரங்க அங்கயே அனுப்பிருக்காங்க.

இதெல்லாம் நம்ம சூரியனைச் சுத்துற கல்லுங்க, திரும்பத் திரும்ப வரும், பட்டைய சுருக்கிக்கிட்டே போலாம். வேற நட்சத்திரத்துலருந்து வர்றவங்க ஒரே வாட்டிதான் வருவாங்க. இதுவரைக்கும் பாத்தது மூணு: 2017-ல ஊமுவாமுவா, 2019-ல போரிசோவ், 2025 ஜூலை 1-ல அதே சிலி அட்லஸ் பாத்த 3ஐ அட்லஸ். கடைசியா வந்தது செகண்டுக்கு 58 கிலோமீட்டர் வேகத்துல நம்ம ஏரியாவுக்குள்ள நுழைஞ்சுது. 1977-ல நாசா அனுப்புன வாயேஜர் 1 விண்கலம் கிட்டத்தட்ட அம்பது வருஷமா ஓடியும் 17 கிலோமீட்டர் வேகம்தான். பாத்ததுக்கப்புறம் ராக்கெட் கட்டுனா வால கூடப் பாக்க முடியாது. அதனால ஐரோப்பாவும் ஜப்பானும் சேந்து காமெட் இன்டர்செப்டர்னு ஒரு விண்கலத்த 2029 வாக்குல அனுப்பி, 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல சும்மா நிறுத்தி வைக்கப் போறாங்க, தோதான ஆள் வந்தா பாதைல போய்க் குறுக்க நிக்கும். முக்கியமா பாக்க நெனைக்கிறது சூரியன்கிட்ட முதல் தடவை வர்ற வால்நட்சத்திரத்த, வெளி நட்சத்திரத்து ஆள் மாட்டுனா லாட்டரி.

தொரத்தியே புடிக்கணும்னா? லைராங்கிற திட்ட யோசனை ஒண்ணு இருக்கு, அதுல வர்ற ஒரு ஐடியா எனக்கு ரொம்பப் புடிக்கும். வெளிய போறதுக்கு மொதல்ல சூரியன்ல விழணும். விழ விழ வேகம் ஏறும், ரொம்ப நெருங்குன அந்த நொடில எஞ்சினைப் போடணும். ஆற்றல் வேகத்தோட வர்க்கமா ஏறுறதால, வேகமா போகும்போது குடுக்குற சின்னத் தள்ளு பெரிய லாபம். சூரியனை ஆராயுற நாசாவோட பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர்ல போன தூரத்தையே எடுத்துப்போம், சூரியனோட பரப்புலருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர். அங்க வச்சு 5 கிலோமீட்டர் வேகத்த மட்டும் கூட்டுனா சூரியனை விட்டு வெளிய போறப்போ கைல சுமார் 44 கிலோமீட்டர் வேகம் மிஞ்சும். ஊமுவாமுவா போறது 26-ல, வருஷக்கணக்கா ஆனாலும் புடிச்சிரலாம். 3ஐ அட்லஸ் கிட்ட இந்த வித்தையும் செல்லாது.

நட்சத்திரத்துக்கே போறதுன்னா இந்த வேகமெல்லாம் ஒண்ணுமே இல்ல. சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்துல இருக்குற நட்சத்திரமான ப்ராக்ஸிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு, வாயேஜர் வேகத்துல சுமார் 75,000 வருஷம். எரிபொருள கூடவே தூக்கிட்டுப் போறதுதான் பாரம், அதனால 2016-ல அறிவிச்ச ஸ்டார்ஷாட் திட்டத்துல எஞ்சின தரைலயே விட்டுட்டாங்க. சில கிராம் எடைல ஒரு சிப்பு, அதுக்குப் படகுல கட்டுற பாய் மாதிரி மெல்லிசா ஒரு பாய், பூமிலருந்து 100 ஜிகாவாட் லேசர அது மேல அடிச்சுத் தள்ளணும். வேகம் ஒளில அஞ்சுல ஒரு பங்கு, செகண்டுக்கு 60,000 கிலோமீட்டர், 20 வருஷத்துல போய்ச் சேந்துரலாம். ஆனா அந்த வேகத்துல வழில ஒரு மைக்ரோகிராம் தூசி பட்டாலே அரை கிலோ வெடிமருந்து வெடிச்ச மாதிரி ஆயிரும், பிரேக்கும் கிடையாது. ப்ராக்ஸிமாவச் சுத்துற பி கிரகத்துக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் இருக்குற தூரம் சுமார் 73 லட்சம் கிலோமீட்டர், அதை இந்த சிப்பு ரெண்டே நிமிஷத்துல தாண்டிரும், அதுக்குள்ள கேமராவ சரியாத் திருப்பி படம் எடுத்து, சில கிராம்ல அடங்குற ஒரு டிரான்ஸ்மிட்டர வச்சு அதை அனுப்பி, அது இங்க வந்து சேர இன்னும் நாலேகால் வருஷம் ஆகும்.