பெயர் எழுதாத வெண்ணெய் டப்பா

இரண்டரை வயதுப் பெண் குழந்தை. மதியம் தூங்கப் போனவளை ஐந்து மணிக்கு எழுப்பினால் கண் திறக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் துவண்டன. பெற்றோர் இருவரும் வேலையிலிருந்து ஓடி வந்திருந்தார்கள். தாய் இன்னும் வேலைத்தளத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அம்மம்மா. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேத்தியின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

டொரன்டோவை ஒட்டிய பகுதியில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவில் பல ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். இப்படி ஒரு குழந்தை வந்தால் எங்கள் மனதில் ஓடுபவை எல்லாம் கொடிய நோய்கள்தான்: மூளைக்காய்ச்சல், தலையில் அடி, வலிப்பு, சர்க்கரை வீழ்ச்சி. எதையாவது விழுங்கினாளா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். அம்மம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னோம்; குறையவில்லை. இரத்தம் எடுத்தோம். தலையை சி.டி. ஸ்கேன் செய்தோம். அதில் ஒன்றும் தெரியாததால், முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்க ஆயத்தமானோம்.

ஊசித் தட்டு கட்டிலருகே வந்த பிறகுதான் குழந்தையின் மாமா, இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர், என்னைத் தனியே அழைத்தார். அவர் அந்த வீட்டின் பேஸ்மென்டில் இருப்பவர். மேல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பழைய மாஜரின் டப்பா இருக்கிறது, அதில் இருப்பது கஞ்சா சேர்த்துக் காய்ச்சிய வெண்ணெய் என்றார். அம்மம்மா மதியம் இரண்டு துண்டுப் பாணில் தடவிப் பேத்திக்குக் கொடுத்தது அதைத்தான். சிறுநீர்ச் சோதனையும் அதையே சொன்னது. ஊசித் தட்டைத் திருப்பி அனுப்பினோம்.

அந்த இளைஞர் சட்டத்தை மீறவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டபூர்வமானது. சரியாக ஓராண்டு கழித்து, கஞ்சா கலந்த உணவுப் பொருட்களின் விற்பனைக்கும் அனுமதி வந்தது. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். தம் அடுப்பிலேயே அதைச் சமைக்கவும் செய்யலாம். எரியக்கூடிய கரைப்பான்களைக் கொண்டு சாறு பிரிப்பதை மட்டும் சட்டம் தடுக்கிறது. வீடு வெடித்து எரியும் அபாயம் இருப்பதால் வந்த தடை அது.

கடையில் விற்கும் பொருளுக்கு எத்தனை கட்டுப்பாடுகள் என்று பாருங்கள். ஒரு முழுப் பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. போதை தருவது இந்த டி.எச்.சி.தான். குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத உறை வேண்டும். சிவப்பு எண்கோணத்தில் கஞ்சா இலைச் சின்னமும், மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கையும் அச்சிட வேண்டும். இதே பொருளை வீட்டில் காய்ச்சினால் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அளவு தெரியாது, பூட்டு இல்லை, எழுத்து இல்லை.

அளவைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். 20 சதவீத டி.எச்.சி. கொண்ட கஞ்சாப் பூ, 7 கிராம் போட்டதாகச் சொன்னார். கணக்குப் போட்டால் 1,400 மில்லிகிராம். காய்ச்சும்போது எல்லாமே வெண்ணெய்க்குள் இறங்குவதில்லை. பாதிதான் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் டப்பாவில் 700 மில்லிகிராம். அப்படியானால் 5 கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியில் 14 மில்லிகிராம். கடையில் ஒரு முழுப் பொதிக்கு அனுமதித்த அளவை ஒற்றைத் தேக்கரண்டி தாண்டிவிடுகிறது. இரண்டு துண்டுப் பாணுக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 28. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமைத் தாண்டினால் பாதிப்பு கடுமையாகவோ நீண்டோ போகக்கூடும் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் நோயாளியின் எடை 13 கிலோ. அவளுக்கான எல்லை 22.

இதுவும் காகிதத்தில் போட்ட கணக்குதான். டி.எச்.சி. கொழுப்பில் கரையும்; ஆனால் வெண்ணெய் உறையும்போதும், மாவில் பிசையும்போதும் எங்கும் ஒரே சீராகப் பரவும் என்று நம்ப முடியாது. ஒரே தட்டில் வெட்டிய இரண்டு பிரவுனித் துண்டுகளில் ஒன்று சும்மா இருக்கும், மற்றது ஆளைச் சாய்த்துவிடும். எத்தனை கவனமாகச் சமைப்பவருக்கும் வீட்டுத் தராசு இதைச் சொல்லாது.

நம் பெரியவர்கள் சிலர், “ஊரில் இல்லாத மூலிகையா?” என்று கேட்கிறார்கள். அவர்கள் நினைவில் இருக்கும் செடி வேறு. 1980களில் சராசரியாக 3 சதவீதம் இருந்த டி.எச்.சி. இப்போது 15ஐத் தொடுகிறது. சில வகைகளில் 30 வரை போகிறது. பச்சைப் பூவில் இருக்கும் அமிலம் அவ்வளவாக மயக்காது, சூடுதான் அதை டி.எச்.சி. ஆக்குகிறது. ஆகவே அடுப்பில் ஏற்றுவதால் வீரியம் குறைந்துவிடும் என்ற எண்ணம் உண்மைக்கு நேர் எதிரானது.

புகைத்தவருக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உண்டவருக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கே அதன் ஒரு பகுதி மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும் வேறொரு பொருளாக மாறுகிறது. உச்சத்தைத் தொட நான்கு மணி நேரம்கூட ஆகலாம். பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கலாம். சோர்வு மறுநாளும் தொடரலாம். பெரியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். “ஒன்றும் செய்யவில்லையே” என்று இரண்டாவது துண்டை எடுக்கிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்போது, நெஞ்சு படபடக்க, செத்துவிடப் போகிறேன் என்று ஆம்புலன்ஸை அழைக்கிறார்கள். மூட்டுவலிக்கும் தூக்கமின்மைக்கும் பேரன் கொடுத்த பிஸ்கட்டைத் தின்ற முதியவர், இரவில் கழிவறைக்கு எழுந்து தலைசுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் வீரியமே கூடிவிடலாம்.

விருந்தில் யாருக்கும் சொல்லாமல் இதைப் பரிமாறுவதை நான் வேடிக்கையாகப் பார்க்க மாட்டேன். அது ஒருவரின் உடலில் அவர் அனுமதியின்றிக் கைவைப்பது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவை சின்னஞ்சிறு பிள்ளைகளின் கதைகள்தான். 2016 முதல் 2021 வரை ஒன்டாரியோவின் அவசரப் பிரிவுகளுக்கு, 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தெரியாமல் கஞ்சாவை உட்கொண்டு 522 முறை வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களின் சராசரி வயது நான்குக்கும் கீழ். மூன்றில் ஒரு பங்கினரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. உணவுப் பொருட்கள் விற்பனைக்கு வந்த பிறகு மாதச் சராசரி, சட்டத்துக்கு முந்தைய நிலையைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கானது. இனிப்பு வடிவில் கஞ்சா விற்க இடம் கொடாத கியூபெக்கில் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்வது அந்த அளவுக்கு உயரவில்லை. பிள்ளை தேடிப் போவது கஞ்சாவை அல்ல, கேக்கை.

அறிகுறிகள் சாதாரணத் தூக்கம் போலத்தான் தொடங்கும். கண் சிவக்கும், நடை தள்ளாடும், கழுத்து துவளும், வாந்தி வரும். சிலருக்கு மூச்சு மந்தமாகும், வலிப்பு வரும், எழுப்பவே முடியாது போகும். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் கண்காணித்து, உடம்பு தானாக அதை வெளியேற்றும்வரை காத்திருக்கிறோம். சில பிள்ளைகளுக்குச் செயற்கை சுவாசமும் தேவைப்பட்டிருக்கிறது. வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்கவும் செய்யாதீர்கள். பிள்ளையை எழுப்ப முடியாவிட்டாலோ மூச்சு சரியில்லாவிட்டாலோ 911. நன்றாக விழித்திருந்தால்கூட உடனே 1-844-764-7669 என்ற நச்சு மைய எண்ணை அழையுங்கள், எந்நேரமும் பேசலாம்.

அந்த மாமா எங்களிடம் பேச ஏன் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. சமூகப் பணியாளர் வரவே மாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் வருவார், வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்பார். ஆனால் நீங்கள் மறைத்தால், நான் அந்தச் சின்ன உடம்பில் தேடத் தொடங்குவேன்: கதிர்வீச்சு, ஊசி, தேவையற்ற மருந்து. “பிள்ளை கஞ்சா கலந்த சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம்.” இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவமனை வாசலிலேயே சொல்லுங்கள். மீந்த உணவையும் பாத்திரத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.

சிறு பிள்ளைகளோ, கண் மங்கிய முதியவர்களோ இருக்கும் வீட்டில் இதைச் சமைக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில், அளவு அச்சிட்டதை வாங்குங்கள். அதையும் மீறிச் சமைப்பவர்களிடம் நான் கேட்பது, பூட்டும் பெட்டியில், மற்ற உணவுகளோடு சேராமல் வையுங்கள். என்ன என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் சமைப்பவர் யாரோ அவருக்கு அது அங்கே இருப்பது கட்டாயம் தெரிய வேண்டும். அந்த அம்மம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. “நான்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன், என் கையால் கொடுத்தேன்” என்று இரவு முழுவதும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணி அளவில் பேத்தி விழித்துப் பசிக்கிறது என்றாள். மருத்துவமனைத் தட்டில் பாணும், சின்னஞ்சிறு வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றும் வந்தன. அம்மம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொன்னார்.