முன்பணம் கேட்கிறவர் இலக்கிய முகவர் இல்லை, அண்ணாச்சி

'உங்கள் நாவலை லண்டன் வரை கொண்டுபோகிறோம்' என்று முகநூலில் விளம்பரம் ஓடுகிறது. அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் கடைசியில் பாளையங்கோட்டையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். இலக்கிய முகவர் என்றால் எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுத்தருகிறவர். நான் முகவர் இல்லை. பிரதியைச் செம்மையாக்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் என் தொழில். ஆனாலும் ஏமாந்தவர்களின் ரசீதுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

போன வாரம் வந்தவர் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், சேரன்மகாதேவிக்காரர். பதிவுக் கட்டணம் 5,000, வாசிப்புக் கட்டணம் 8,000, ஐஎஸ்பிஎன் எனும் புத்தக அடையாள எண்ணுக்கு 4,500, 'சர்வதேச விண்ணப்பம்' என்று 12,000. ஆக மொத்தம் 29,500 ரூபாய். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனை எடுக்கவில்லை.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி கட்டுனிய?" என்றேன்.

"ஏஜென்ட்டுன்னா துட்டு வாங்காம எப்படித் தம்பி வேல பாப்பாவ?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

படித்தவர், ஊர்க்காரர்களின் மணியார்டர் பாரத்தையெல்லாம் நிரப்பிக் கொடுத்தவர். அவரே இப்படிக் கேட்கிறார் என்றால், கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இலக்கிய முகவர் எழுத்தாளரிடம் பணம் வாங்குவதில்லை. எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலப் பதிப்புலகில் பரவலான வழக்கம், உள்நாட்டு உரிமைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்பு உரிமைக்கும் 20 சதவீதம். கணக்குப் போட்டே காட்டுகிறேன். புத்தகத்தின் விலை 400 ரூபாய், அதில் எழுத்தாளருக்குரிய பங்கான ராயல்டி 10 சதவீதம் என்று வையுங்கள். ஒரு பிரதிக்கு 40 ரூபாய். அதில் முகவருக்கு 6, உங்களுக்கு 34. மூவாயிரம் பிரதி விற்றால் மொத்த ராயல்டி 1,20,000, முகவருக்கு 18,000, உங்களுக்கு 1,02,000. பதிப்பகம் முன்தொகை கொடுத்தால் அதிலும் இதே பங்குதான். பதிப்பகமே கிடைக்கவில்லையா? முகவருக்கு ஒரு பைசாவும் கிடையாது. உங்கள் கையிலிருந்தும் ஒரு பைசா போகாது.

அதனால்தான் உண்மையான முகவர் பத்து நாவல் வந்தால் ஒன்பதை வேண்டாம் என்கிறார். விற்காத நாவலைச் சுமந்தால் நஷ்டம் அவருக்கு. பணம் கட்டச் சொல்கிறவர் எதையும் வேண்டாம் என்பதில்லை. உங்கள் நாவல் நன்றாக இருக்கிறதா, முடிந்திருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தேவையில்லை, கட்டணம் வந்தவுடன் அவர் வியாபாரம் முடிந்தது. டவுனில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகர், பத்திரம் முடிகிற அன்றைக்குத்தான் கமிஷன் கேட்கிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்ததற்கு எட்டாயிரம் எடுத்து வை என்றால் வாசலோடு அனுப்பிவிடுவோம். நாவல் என்றதும் மட்டும் ஏன் கை தானாகப் பைக்குள் போகிறது? அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கம் வாசிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைத் தன் உறுப்பினர்களுக்கு விதியாகவே வைத்திருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "நீங்களும்தானே பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர்கள்?" வாங்குகிறேன். அந்தப் பணத்துக்கு ஒற்றுப்பிழை பார்ப்பேன், நீளும் அத்தியாயத்தை வெட்டச் சொல்வேன். பதிப்பகம் பிடித்துத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன். 'எடிட்டிங்குக்கு இவ்வளவு கட்டுங்கள், அப்புறம் நாங்களே உங்கள் முகவர்' என்று ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்கிறது. சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளரும் இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் போடும் புத்தகத்துக்கு அதை வாங்குவது பதிப்பகத்தின் வேலை, உங்களுடையது அல்ல.

சரி, தமிழில் எழுதுகிறவர் முகவரை எங்கே தேடுவது? தேடவே வேண்டாம். தமிழ்ப் பதிப்புலகம் முகவர்களை வைத்து நடப்பதில்லை. எழுத்தாளர் நேரே பதிப்பகத்துக்கு அனுப்புகிறார், பதிப்பாளரே படிக்கிறார். முதல் நாவலை முந்நூறு பிரதி அச்சடித்து, 300 ரூபாய் விலை வைத்து, அத்தனையும் விற்றாலும் 10 சதவீத ராயல்டி 9,000 ரூபாய்தான். (அது கைக்கு வந்து சேர்வது தனிக் கதை.) அதில் 15 சதவீதம் 1,350. இந்தக் காசுக்கு யார் முகவராக இருப்பார்? ஆகவே தமிழ் நாவலுக்கு 'ஏஜென்ட்' என்று யாராவது தானாகத் தேடி வந்தால், அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது அவர்கள் என்ன மாதிரி புத்தகம் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பக்தி நூல் போடுகிறவருக்கு இருத்தலியல் நாவலை அனுப்பி, பதில் வரவில்லை என்று என்னிடம் வந்து குறைப்பட வேண்டாம். பொருநை புத்தகத் திருவிழாவில் கடையில் கூட்டம் நெரியும்போது பதிப்பாளர் கையில் பிரதியைத் திணிக்காதீர்கள். பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள், போதும். யூனிகோடில் அனுப்புங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும். இதை நான் எத்தனை முறை சொல்வது?

ஆங்கிலத்தில் புனைவு எழுதுகிறவர்களுக்கு நிலைமை வேறு. நம் ஊர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் நாவல் எழுதும் பிள்ளைகள் இப்போது நிறைய. லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வருவதைத்தான் படிக்கின்றன. இந்தியாவில் சில பதிப்பகங்கள் நேரடியாகவும் வாங்கிப் படிக்கின்றன. அந்தந்தப் பதிப்பகத்தின் இணையதளத்திலேயே விவரம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

முகவரைக் கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. உங்கள் நாவலின் சாயலில், கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆங்கில நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நன்றியுரைப் பக்கம் இருக்கும். அதில் எழுத்தாளர் தன் முகவருக்கு நன்றி சொல்லியிருப்பார், பெயரோடு. நூலகத்தில் அலமாரி ஓரமாக நின்று அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டினாலே ஒரு மாலைக்குள் நல்ல பட்டியல் தேறும். பிறகு அவர் யார் யார் புத்தகத்தை எந்தெந்தப் பதிப்பகத்துக்கு விற்றிருக்கிறார், இப்போது புதியவர்களை எடுக்கிறாரா என்று பாருங்கள். விற்ற புத்தகம் ஒன்றைக்கூடக் காட்ட முடியாதவர், அலுவலகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உங்களுக்கு வேண்டாம். பெயர் தெரிந்த முகவரின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் அனுப்பும் கூட்டமும் உண்டு. நீங்கள் எழுதாமலேயே 'உங்கள் நாவலை ரசித்தோம்' என்று ஒருவர் எழுதினால், அவருடைய நிறுவனத்தின் தளத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், நாவலை முடித்துவிட்டு எழுதுங்கள். பாதி நாவலை வைத்துக்கொண்டு முகவருக்கு எழுதுவது புனைவில் செல்லாது. முதல் ஆங்கில நாவல் என்றால் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் சொற்கள் வரை இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டரை லட்சம் சொற்களோடு வந்து, ஒரு வரியைக்கூட வெட்ட மாட்டேன் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கம்தான். நான் பார்த்த கடிதங்களில் பாதி இப்படித் தொடங்குகின்றன: 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் சிறு வயதிலிருந்தே எழுத்தில் ஆர்வம் கொண்டவன். என் நாவல் அன்பு, துரோகம், மனிதநேயம் ஆகியவற்றை அலசுகிறது. இதைப் படித்த என் நண்பர்கள் அனைவரும் பாராட்டினார்கள்.' முகவரி வரிசையில் நாற்பது முகவர்களின் பெயர், எல்லோருக்கும் எல்லோரும் தெரியும்படி. இதில் கதை எங்கே இருக்கிறது?

ஒரு எடுத்துக்காட்டு, நானாகக் கற்பித்தது: 'பத்தமடையில் பட்டுப்பாய் நெய்பவள் ஆயிஷா. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்வதில் அவளுக்கு இணை கிடையாது. ஒரு நாள் வரும் ஆர்டரில் மாப்பிள்ளை இடத்தில் இருப்பது வளைகுடாவில் வேலை பார்க்கும் அவள் கணவனின் பெயர், வாப்பா பெயரோடு. பாயை முடித்துக் கொடுக்க அவளுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.' இவ்வளவுதான். ஆள் யார், ஊர் எது, என்ன சிக்கல், எவ்வளவு அவகாசம், எல்லாம் வந்துவிட்டது. இதற்குக் கீழே நாவலின் தலைப்பு, வகை, சொற்களின் எண்ணிக்கை, உங்களைப் பற்றி இரண்டு வரி, இந்த முகவருக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி. பத்திரிகையில் கதை வந்திருந்தால் குறிப்பிடுங்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய கட்டுரைப் பரிசு வேண்டாம்.

கதைச் சுருக்கம் கேட்டால் முடிவையும் சேர்த்து எழுதுங்கள். 'முடிவை வெண்திரையில் காண்க' பாணியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். முகவர் டிக்கெட் வாங்கி வந்தவர் இல்லை. கதை ஒழுங்காக முடிகிறதா என்று பார்க்கத்தான் சுருக்கமே கேட்கிறார். மாதிரியாக எத்தனை அத்தியாயம் என்பது ஒவ்வொருவர் தளத்திலும் எழுதியிருக்கும். மூன்று என்றால் முதல் மூன்று. ஐந்தாவதுதான் சூடுபிடிக்கும் என்றால் நாவலை ஐந்தாவதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு அனுப்பலாம், தவறில்லை. தனித்தனிக் கடிதமாக அனுப்புங்கள். பதில் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், வராமலும் போகும். ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் 'படிச்சிட்டீங்களா மேடம்' என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். எழுதி முடித்தவுடனேயே காப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை.

தமிழில் வந்த நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், முதலில் தமிழ்ப் பதிப்பக ஒப்பந்தத்தை எடுத்து மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் இருந்தால், ஆங்கிலத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கிய மொழிபெயர்ப்பாளர் செய்த இருபது முப்பது பக்க மாதிரியோடு முகவரை அணுகலாம். 2023 முதல் சென்னையில் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இந்த உரிமைப் பரிமாற்றத்துக்காகவே தொடங்கியது. தமிழ் நூல்களை வேற்றுமொழிகளில் போடுவதற்கு அங்கே தமிழக அரசு மொழிபெயர்ப்பு மானியமும் தருகிறது. உங்கள் பதிப்பாளரை அங்கே போகச் சொல்லி நச்சரியுங்கள். 'நாங்களே மொழிபெயர்த்து அனுப்புகிறோம்' என்று மென்பொருளில் போட்டு எடுத்த பக்கங்களை அந்தச் சேரன்மகாதேவி அண்ணாச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஆடிப்பெருக்கு 'நடனப் பெருக்கல்' ஆகியிருந்தது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமையை எழுத்தில்தான் மாற்றிக்கொடுக்க முடியும் என்கிறது. காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். இது தெரிந்துதான் போலிகள் 'உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும், திரைப்பட உரிமை உட்பட' என்று சிறிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காலம் உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு அறுபது ஆண்டும். முகவருக்கு உங்கள் காப்புரிமை தேவையே இல்லை. உங்கள் சார்பில் விற்றுத்தரும் அனுமதி மட்டும் போதும், அதையும் முன்னறிவிப்புக் கொடுத்து முறித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். புரியாவிட்டால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 29,500-ஐவிட நிச்சயம் குறைவாகத்தான் வாங்குவார்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அந்தக் கூட்டம் பிழைப்பதே அந்த வெட்கத்தில்தான். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 'இன்னும் ஐயாயிரம் கட்டினால் பழைய பணம் திரும்ப வரும்' என்பார்கள், வராது. ரசீது, வாட்ஸப் உரையாடல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ரசீதும் முகவரியும் உள்ள நிறுவனம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். கூடவே, பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாகவும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.